மொட்டையும் ஹெல்மெட்டும்

மூன்றாவது கால்பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிரணிப் பையன்கள் வட்டமாகக் கூடி அடுத்த ஆட்டத்துக்குத் திட்டம் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு என் மகன் நேராகப் போய், அவர்களோடு தானும் குனிந்து நின்றான். நடுவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி எங்கள் பக்கம் அனுப்பினார். பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் எல்லாரும் சிரித்தோம். "பசி மயக்கம் போல, வழி தெரியலை" என்று நான் மனைவியிடம் சொன்னேன். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அவன் பந்தோடு ஓடிய ஒருவனை டேக்கிள் பண்ண, அதாவது மடக்கிக் கீழே தள்ள, தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்திருந்தான். அந்தப் பையனின் முழங்கால் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இடித்தது. விழுந்தவனைப் பார்த்து, "எழுந்திரு, ஒண்ணும் இல்லை" என்று கத்தியதும் நான்தான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற பந்து இல்லை. தோளில் கவசம், தலையில் ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை என்று மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்கன் ஃபுட்பால். ஏழாம் வகுப்பிலேயே பள்ளி அணி உண்டு. நான் மதுரையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். இந்த ஆட்டத்தின் விதிகள் புரியவே எனக்கு நாலு வருடம் பிடித்தது. மகன் ஆறாம் வகுப்பு முடிக்கும்போது "நான் சேரப்போறேன்" என்றான். மனைவிக்கு இஷ்டமில்லை. "அதான் ஹெல்மெட் தர்றாங்களே" என்று அவளைச் சரிக்கட்டியவனும் நான்தான். ஊரில் டூவீலர் ஓட்டிய காலத்தில் மனதில் பதிந்த கணக்கு அது: ஹெல்மெட் போட்டால் தலைக்கு ஆபத்தில்லை.

அன்று இரவு அவன் பாதித் தோசையோடு எழுந்துவிட்டான். சமையலறை விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றான். ஆட்டம் ஆடிய அலுப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். புதன் என்றேன். ஷூ மாட்டிக்கொண்டே மறுபடி அதே கேள்வி. நான் எரிச்சலோடு பதில் சொன்னேன். மனைவி மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இவன் பார்வையே சரியில்லை" என்றவள், பள்ளிக்கு அனுப்பாமல் அங்கிருந்த அத்லெடிக் ட்ரெய்னருக்குப் போன் போட்டாள். இவர் கோச் இல்லை. ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். அவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றார்.

கன்கஷன். டாக்டர் சொன்ன வார்த்தை அதுதான். மூளை அதிர்ச்சி என்று செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு இன்னும் நல்ல சொல் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: பொறி கலங்கிப் போச்சு.

டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கவில்லை. போனில் இதைக் கேட்ட அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அவ்வளவு பெரிய ஊர்ல ஒரு ஸ்கேன் எடுக்க மாட்டாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டர் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். மண்டையோடு உடைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று சந்தேகம் வந்தால்தான் சிடி ஸ்கேன். கன்கஷன் அதில் தெரியாது. மூளை வேலை செய்கிற விதத்தில் வந்த கோளாறு அது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, வலிப்பு, பேச்சுக் குழறல், கை காலில் பலமின்மை, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் இங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட வேண்டும். இந்தப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். ஒன்றரை வருடமாகியும் அந்தத் தாள் அங்கேயே இருக்கிறது.

"ஹெல்மெட் போட்டுமா இப்படி?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. என்னுடைய கேள்வியும் அதுதான். பதிலை அவளுக்குத் தேங்காயை வைத்து விளக்கினேன். மட்டை உரிக்காத தேங்காய் மரத்திலிருந்து விழுந்தால் ஓடு உடையாது. அதே தேங்காய் காய்ந்து, பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்ற பிறகு கையில் எடுத்து ஆட்டினால், உள்ளே அது லொடலொடவென்று இடிக்கும். மட்டை எவ்வளவு தடியாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை நிறுத்த முடியாது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிற மூளையும் அப்படித்தான். அதிலும் பக்கவாட்டில் இடிபட்டுத் தலை சட்டென்று திருகும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. ஹெல்மெட் நேர் அடியின் வேகத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். திருகலை அந்த அளவுக்குத் தடுக்காது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஹெல்மெட் ஓடு உடையாம இருக்கத்தானா?" என்றாள். இத்தனை வருடம் என் மண்டைக்கு ஏறாதது அவளுக்கு ஒரே போனில் ஏறிவிட்டது.

முதல் இரண்டு நாள் வீட்டில் ஓய்வு. இருட்டறையில் அடைத்துப் போடுகிற ஓய்வு இல்லை. அது பழைய வைத்தியம் என்று டாக்டர் சொன்னார். 2022-ல் கன்கஷன் பற்றிப் பேச ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொல்வதும் இதுதான்: ஒன்றிரண்டு நாள் வேகம் குறைத்து, போன், டிவி பார்ப்பதைக் குறைத்து இருந்தால் போதும். அதற்குப் பிறகு மெதுவாக நடக்க வைப்பதுதான் குணமாக உதவும். ஆனால் பதிமூன்று வயதுப் பையனிடம் போனை வாங்கி வைப்பதற்குப் பதில் அவனை இருட்டறையில் போட்டிருந்தால் சண்டை குறைவாக இருந்திருக்கும். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் தூங்கும்போதெல்லாம் படித்தேன். ஆகஸ்டிலேயே படித்திருக்க வேண்டியவை.

பள்ளி தொடங்கும்போது கன்கஷன் பற்றிய ஒரு படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் தாளில் போடுவது போல, பக்கம் திருப்பாமல். டெக்சாஸில் 2011-ல் வந்த சட்டத்தின்படி அந்தப் படிவம் வருகிறது. கால்பந்து ஆடிக் கன்கஷன்களால் பாதிக்கப்பட்ட நடாஷா ஹெல்மிக் என்ற பெண்ணின் பெயரால் அதை நடாஷா சட்டம் என்கிறார்கள். கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே மாணவனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். டாக்டர் எழுதித் தராமல் திரும்ப இறக்கக் கூடாது. அந்த அனுமதியைத் தருகிற அதிகாரம் கோச்சுக்குக் கிடையாது. பெற்றோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2009-ல் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் சட்டம் போட்டுவிட்டன.

வாஷிங்டன் சட்டத்துக்குப் பின்னால் இருப்பவர் சாக்கரி லிஸ்டெட். 2006-ல், அவருக்கும் பதிமூன்று வயது. டேக்கிள் செய்தபோது தலை தரையில் மோதியது. சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப ஆடப் போனார். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தாலும், பேசவும் நடக்கவும் மீண்டும் கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் ஆனது. முதல் அடி ஆறுவதற்கு முன் விழுகிற இரண்டாவது அடிதான் சின்ன வயது மூளைக்குப் பெரிய ஆபத்து. படித்துவிட்டுப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். அந்த டேக்கிளுக்குப் பிறகும் கடைசிக் கால்பகுதி முழுக்க ஆடியவன் அவன்.

அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து காரில் போகும்போது, நான் கேட்காமலே சொன்னான். இடித்தவுடன் கண்ணில் பூச்சி பறந்ததாம், காது கொய்ங் என்றதாம். "ஏன்டா சொல்லலை?" என்றேன். "சொன்னா என் இடம் போயிடும். நீங்க வேற சித்தப்பாக்கு வீடியோ அனுப்பணும்னு எடுத்துட்டிருந்தீங்க" என்றான். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை நான் பேசவில்லை.

சரி, ஹெல்மெட்டுக்கு வருகிறேன்.

அவன் தேறிக்கொண்டிருந்த நாட்களில் ட்ரெய்னர் என்னை ஒருநாள் வரச்சொல்லி, அவனுடைய ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டிக் காட்டினார். முகக் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். ஹெல்மெட் திரும்பியது. தலை அங்கேயே இருந்தது. "இது எப்போது அளந்தது?" என்று கேட்டார். மே மாதம், பள்ளி முடியும் முன்பு. "இடையில் முடி வெட்டினானா?"

ஜூலையில் ஊருக்குப் போயிருந்தோம். பழனியில் மொட்டை.

மே மாதம் அவன் தலையில் காடு மாதிரி சுருட்டை முடி. அந்த முடிக்கு மேல் அளந்த ஹெல்மெட்டை, ஆகஸ்டில் அரை அங்குல முடிமேல் மாட்டியிருக்கிறான். தளர்வாக இருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தளர்வு சுகமாகத்தானே இருக்கும்? அதோடு என் மனைவி ஞாயிற்றுக்கிழமை வைத்துவிடுகிற தேங்காய் எண்ணெய் வேறு. திங்கள்கிழமை பயிற்சியில் ஹெல்மெட் வழுக்குகிறது என்று ஒருமுறை அவன் சொன்னபோது நாங்கள் அதையும் சிரித்துக் கடந்திருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்த்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொட்டை, முடிவெட்டு, எண்ணெய் எல்லாமே ஹெல்மெட்டின் அளவை மாற்றும். முடியின் நீளம் மாறும்போதெல்லாம் மறுபடி பொருத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அன்று ட்ரெய்னரிடம் கற்றுக்கொண்டதை இப்போது ஒவ்வொரு வாரமும் வீட்டில் செய்கிறேன். ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் நிற்க வேண்டும். காதுத் துளைகள் காதுக்கு நேராக இருக்க வேண்டும். தாடைப் பஞ்சு இரண்டு கன்னங்களையும் தொட்டு அழுத்த வேண்டும், இடைவெளி தெரியக் கூடாது. மோவாய்ப் பட்டையின் நான்கு கொக்கிகளும் மாட்டி இழுத்திருக்க வேண்டும். பையன்கள் இரண்டைக் கழற்றிவிட்டுத் திரிவார்கள், அதற்கு விடக் கூடாது. பிறகு முகக் கம்பியைப் பிடித்து மெல்ல அசைத்தால் நெற்றித் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் தளர்வு. உச்சியில் கையை வைத்து அழுத்தினால் அழுத்தம் உச்சந்தலையில் தெரிய வேண்டும். புருவத்தில் குத்துகிறது என்றால் அளவு தப்பு. அவனுடையது காற்றடைக்கிற ரகம். உள்ளே இருக்கிற பைகளில் சின்ன பம்பால் காற்று ஏற்ற வேண்டும். ஊசிமுனையில் ஒரு சொட்டு கிளிசரின் தடவாமல் குத்தினால் வால்வு கிழிந்துவிடும். குளிரூட்டிய அறையில் அளந்த காற்று, டெக்சாஸ் செப்டம்பர் வெயிலில் அப்படியே இருக்காது. அதனால் வாரம் ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும்.

அன்றுதான் ஹெல்மெட்டின் பின்புறம் ஒட்டியிருந்த எச்சரிக்கையையும் முதல்முறையாக வாசித்தேன். எந்த ஹெல்மெட்டாலும் எல்லாக் காயங்களையும் தடுக்க முடியாது என்று தயாரித்தவரே அச்சடித்து ஒட்டியிருக்கிறார். உள்ளே இன்னொரு ஸ்டிக்கர். கடைசியாக எந்த வருடம் பிரித்து, சுத்தம் செய்து, சோதித்துச் சான்று கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். பள்ளி ஹெல்மெட்டுகளை இப்படிப் புதுப்பித்துத்தான் மறுபடி கொடுக்கிறார்கள். பத்து வருடம் தாண்டியதைப் புதுப்பிக்கிற நிறுவனங்கள் ஏற்பதில்லை. அவனுடையதில் எல்லாம் சரியாகவே இருந்தது. டூவீலர் ஹெல்மெட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒரு பெரிய அடியை வாங்கி நசுங்கிவிட்டால் அதோடு அதன் வேலை முடிந்தது. ஃபுட்பால் ஹெல்மெட் ஒரே ஆட்டத்தில் பல அடிகளை வாங்கி மறுபடி எழும்பும்படி செய்தது. அந்தத் திறன் கெடாமல் இருக்க, அதன் மேல் உட்காருவது, கார் டிக்கியில் வெயிலில் போட்டு வைப்பது, கண்ட ரசாயனத்தில் துடைப்பது, பெயிண்ட் அடிப்பது எதுவும் கூடாது. இந்த நான்கில் மூன்றை என் மகன் செய்திருந்தான்.

உடனே விலை உயர்ந்த ஹெல்மெட் வாங்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. விர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் 2011-லிருந்து ஹெல்மெட்டுகளை இடித்துச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். சிறுவர் ஹெல்மெட்டுகளுக்குத் தனிப்பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்து ஐந்து நட்சத்திரத்தில் வாங்குவது நல்ல யோசனைதான். எங்கள் பள்ளி கொடுத்ததும் அந்தப் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்தது. அப்புறம் கார்டியன் கேப் என்று ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டுகிற பஞ்சுத் தொப்பி. தொழில்முறை லீகில் 2022-லிருந்து பயிற்சி முகாமில் சில ஆட்டக்காரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள், கன்கஷன் பாதியளவு குறைந்தது என்று சொல்லிக்கொண்டார்கள். விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளிப் பையன்களிடம் ஆய்வு செய்தபோது அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. நான் ஒன்று வாங்கினேன். மனைவிக்குத் தூக்கம் வரட்டும் என்று வாங்கினேன் என்பதுதான் உண்மை.

தொப்பியைவிட அதிக வேலை செய்தது அவன் கோச்சிடம் நான் கேட்ட ஒரு கேள்வி. வாரத்தில் எத்தனை நிமிடம் முழு மோதல் பயிற்சி? டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்துகிற யூஐஎல், ஆட்ட சீசனில் வாரத்துக்குத் தொண்ணூறு நிமிடம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சிறுவர் லீகான பாப் வார்னர் 2012-லேயே பயிற்சி நேரத்தில் மோதலைக் குறைத்தது. ஒரு சீசனில் பையன்கள் தலையில் வாங்குகிற அடிகளில் பெரும்பங்கு ஆட்டத்தில் இல்லை, பயிற்சியில்தான். எங்கள் கோச் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் கால அட்டவணையை எடுத்துக் காட்டினார். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற கோச்சாக இருந்தால் நான் பையனை எடுத்துவிட்டிருப்பேன்.

டேக்கிள் செய்கிற முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. 1968-ல் மட்டும் அமெரிக்காவில் ஃபுட்பால் மைதானக் காயங்களால் 36 பேர் இறந்தார்கள். 1969-ல் நாக்சி என்ற தரநிலைக் குழு உருவாகி, 1973-ல் ஹெல்மெட்டுக்குத் தரம் வகுத்தது. அதற்கு முன்பிருந்தே ஹெல்மெட் கெட்டியாக ஆக, ஆட்டக்காரர்கள் அதையே ஆயுதமாக்கித் தலையால் முட்ட ஆரம்பித்தார்கள். கழுத்து முறிந்தவர்கள் உண்டு. 1976-ல் தலையால் முட்டுவதை விதி போட்டுத் தடுத்தார்கள். தரமும் விதியும் சேர்ந்துதான் அந்த மரணங்களை நன்றாகக் குறைத்தன. ஹெல்மெட் தந்த தைரியத்தை விதிதான் அடக்கியது. என் மகன் குனிந்து பாய்ந்ததும் அதே தைரியத்தில்தான். இப்போது கோச் ரக்பி ஆட்டக்காரர்கள் மாதிரி தலையை ஒரு பக்கம் வைத்துத் தோளால் அணைத்துப் பிடிக்கச் சொல்லித் தருகிறார். நிமிர்ந்த முகம், எதிராளி கண்ணில் படுகிற மாதிரி. வீட்டுப் புல்வெளியில் பழைய மெத்தையை வைத்து நாங்கள் இருவரும் பழகினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

அவன் மைதானத்துக்குத் திரும்ப மூன்றரை வாரம் ஆனது. முதலில் பள்ளி, அதுவும் அரைநாள். பாடம் படித்தால் தலை வலிக்காமல் இருக்க வேண்டும், பிறகுதான் விளையாட்டு. அப்புறம் நடை, மெதுவான சைக்கிள், ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, டாக்டர் கையெழுத்து, முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் நிறுத்தி, ஓய்வுக்குப் பிறகு முந்தின படியிலிருந்து தொடங்க வேண்டும். அவனுக்கு ஓட்டத்தில் தலைவலி திரும்பி வந்தது, ஒரு படி இறங்கினோம். அழுதான். நான் வீடியோ எடுப்பதை நிறுத்தினேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தலையில் ஏதாவது சரியில்லை என்றால் ஹெல்மெட்டின் உச்சியில் இரண்டு தட்டு தட்டுவான், நான் போய் ட்ரெய்னரிடம் சொல்வேன். அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், இடம் போனால் பழி என்மேல். பக்கத்தில் ஆடுகிற நண்பன் தள்ளாடினால் அவனுக்காகவும் தட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன சீசனில் ஒருமுறை தட்டினான், நண்பனுக்காக.

மனைவி இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வை அவள் படித்திருக்கிறாள்: தொழில்முறை லீகில் ஆடி இறந்த 111 பேரின் மூளையில் 110 பேருக்குச் சிடிஇ என்ற சிதைவு நோய். அது குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானம் செய்த மூளைகள், எல்லா ஆட்டக்காரருக்கும் பொருந்துகிற கணக்கு இல்லை என்று நான் வாதிடுவேன். "சரிங்க. ஆனா கன்கஷனே வராம, சின்னச் சின்ன அடியாச் சேர்ந்தும் வரும்னு போட்டிருக்கே?" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு பேசி முடிவெடுப்பது என்று ஒப்பந்தம். இளையவளுக்கு ஏழு வயது, அவளும் ஆடணும் என்கிறாள். அவளை இடுப்பில் கட்டிய துணியைப் பிடுங்குகிற ஃப்ளாக் ஃபுட்பாலில் போட்டிருக்கிறோம்.

பேரன் தேறி எழுந்ததற்கு அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். என்ன நேர்த்தி என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கோடையில் முடிப்பதாக ஏற்பாடு. மே மாதம் ஹெல்மெட் அளந்துவிட்டு வந்தவன் நேராகப் பாட்டிக்கு வீடியோ கால் போட்டான். "பாட்டி, ஜூலைல மொட்டை முடியாது. நவம்பர்ல சீசன் முடியும், டிசம்பர்ல அடிச்சுக்கலாம், அடுத்த ஹெல்மெட் அளக்கறதுக்குள்ள வளர்ந்துடும்." அம்மா யோசித்தாள். "முருகன்கிட்ட நான் சொல்லிக்கறேன். அதுவரை அந்தத் தலைக்கு எண்ணெயாவது வைக்கலாமா?"

"சனிக்கிழமை மட்டும்" என்றான்.